வரையப்பட்டவர்கள் வரைந்தபோது

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் ஒரு புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் என்பது முழுப்பெயர். ஊரார் வாயில் 'மேப்'. திறப்பையொட்டி அங்கே வைத்த கண்காட்சிகளில் ஒன்று, கலையில் பெண் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறாள் என்பதைப் பற்றியது. தெய்வமாக, தாயாக, ஆசைப்பொருளாக, அடிபடுபவளாக, எதிர்த்து நிற்பவளாக என்று பெண்ணின் பல உருவங்கள் அங்கே அடுத்தடுத்து நின்றன.

அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும் எவருக்கும் அடுத்த கேள்வி எழாமல் இருக்காது. காலங்காலமாக இத்தனை பெண்களை வரைந்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்?

இதே கேள்வியை 1989-ல் நியூயார்க்கில் 'கொரில்லா கேர்ள்ஸ்' என்ற பெண் கலைஞர்கள் குழு போஸ்டர் அடித்து ஒட்டியது. மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நவீன ஓவியப் பிரிவுகளில் இடம்பெற்ற கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. அங்கிருந்த நிர்வாண ஓவியங்களிலோ 85 சதவீதம் பெண் உடல்கள். பெண் உள்ளே நுழைய ஆடையைக் களைய வேண்டுமா என்று கேட்டது அந்தப் போஸ்டர். கறுப்பினக் கலைஞர்களும் நியூயார்க் அருங்காட்சியகங்களின் வாசலில் நின்று தங்களுக்கான இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊரில் இந்தக் கேள்வியோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. உருவ ஓவியத்தில் பெண்களும் கறுத்த மனிதர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் படத்துக்குள் இருந்தார்கள். தூரிகை பிடிக்கத்தான் விடவில்லை. உருவத்தைக் காட்டாத அரூப ஓவியத்தில் கதை வேறு. அதில் அவர்கள் பல தலைமுறைகளாகவே கைதேர்ந்தவர்கள். அவர்கள் செய்ததைக் கலை என்று ஒப்புக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பெங்களூருவையும் அதைச் சுற்றிய தென்னகத்தையும் பார்த்தால் இந்த இரண்டு அநீதிகளும் தெரிகின்றன. அவற்றை உடைத்தவர்களும் தெரிகிறார்கள்.

அண்ணன் ஊரெல்லாம், தங்கை வீட்டோடு

மைசூரு ஜகன்மோகன் அரண்மனைக்குப் போனவர்கள் ராஜா ரவி வர்மாவின் புராண ஓவியங்களுக்கு முன்னால் நின்றிருப்பார்கள். நம் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் லட்சுமியும் சரஸ்வதியும்கூட அவர் கையிலிருந்து வந்தவர்கள்தான். 1894-ல் அவர் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அந்த உருவங்களை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இந்தியப் பெண் எப்படி இருப்பாள் என்பதற்கு அவர் வரைந்த முகமே நெடுங்காலம் இலக்கணம்: சிவந்த மேனி, மலர்ந்த கண், நிறைய நகை.

அந்த வீட்டிலேயே இன்னொரு ஓவியர் இருந்தார். ரவி வர்மாவின் தங்கை மங்களா பாய். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத்தில் அவர் கைவண்ணம் இருக்கிறது. அண்ணனையே உருவப்படமாக வரைந்தவர் அவர். ரவி வர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் அரண்மனை அரண்மனையாகப் போய் வரைந்தார்கள். ஊர் ஊராகப் பெண்களின் முகங்களைப் பார்த்தார்கள். அரச குடும்பத்துப் பெண்ணான மங்களா பாய்க்கு அந்தப் பயணம் கிடையாது. ரவி வர்மாவைப் பற்றி நாவல்களும் படங்களும் வந்துவிட்டன. தங்கையின் பெயரைச் சொன்னால் ஓவியம் படிக்கும் மாணவர்களே விழிக்கிறார்கள்.

1971-ல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நோக்லின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பெரிய பெண் ஓவியர்கள் ஏன் தோன்றவில்லை என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டது. குறை திறமையில் இல்லை, பயிற்சியும் வாய்ப்பும் மறுக்கப்பட்டதில் இருக்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். ஐரோப்பியக் கலைப்பள்ளிகளில் உயிருள்ள மாடலைப் பார்த்து வரையும் வகுப்புக்குள் பெண்களை வெகுகாலம் விடவில்லை. மனித உடலைப் பார்த்துப் பழக விடாமல், மனித உருவம் வரையத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? மங்களா பாயின் கதைக்கும் இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும்.

கறுப்பு நிறம் கேன்வாஸுக்கு வந்தது

ரவி வர்மா வகுத்த அந்த இலக்கணத்தை உடைத்தவரும் ஒரு பெண்தான். 1913-ல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் ஓவியம் கற்ற அம்ரிதா ஷெர்கில், 1936 கடைசியிலும் 1937 தொடக்கத்திலும் அஜந்தா, எல்லோரா, கொச்சி, கன்னியாகுமரி என்று தெற்கே சுற்றினார். அந்தப் பயணத்துக்குப் பிறகு வந்தவையே அவருடைய தென்னிந்திய ஓவியங்கள்: 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்'. மணமகள் படத்தில் நடுவே வெளிறிய நிறத்தில் அவள் அமர்ந்திருக்கிறாள். சுற்றிலும் கறுத்த நிறத்துப் பெண்களும் குழந்தைகளும். கல்யாணக் களை எந்த முகத்திலும் இல்லை. சந்தைக்குப் போகிறவர்களின் தோலோ அடுப்புக்கரிக்குப் பக்கத்தில் நிற்கும் பழுப்பு. வெயிலில் உழைத்த உடலின் நிறத்தை, கொஞ்சமும் வெளுக்கவைக்காமல் அப்படியே கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார் அவர்.

1941-ல் லாகூரில் இறந்தபோது அவருக்கு வயது 28. உயிரோடு இருந்த காலத்தில் படங்கள் பெரிதாக விற்கவில்லை. 2023 செப்டம்பரில் அவருடைய 'கதை சொல்பவர்' ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்ததில் அதுவே உச்ச விலை.

அமெரிக்காவில் இதற்கு இணையான வேலையைப் பிற்காலத்தில் செய்தவர் 1955-ல் அலபாமாவில் பிறந்த கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல். அருங்காட்சியகங்களில் தொங்கும் மனிதர்கள் எல்லோரும் வெள்ளையர்களாக இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர், தன் மனிதர்களை முழுக் கறுப்பிலேயே வரைந்தார். பழுப்பு கலக்கவில்லை. கறுப்புக்குள்ளேயே பல கறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். நிறத்துக்காகத் திருமணம் தட்டிப்போகும் நாட்டில், சிவப்பழகுக் கிரீம் விளம்பரம் ஓடும் நாட்டில், ஷெர்கிலையும் மார்ஷலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

சென்னையின் மூன்று பெண்கள்

பெங்களூருவின் நவீன ஓவியத்தைச் சென்னையை விட்டுவிட்டுப் பேச முடியாது. தெற்கே ஓவியராக விரும்பிய தலைமுறைக்கு எழும்பூர் பக்கத்து ஓவியக் கல்லூரிதான் வாசல். 1850-ல் தொடங்கிய அந்தக் கல்லூரி, கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த ஆண்டுகளில் ஓர் இயக்கமாகவே மாறியது. 1966-ல் அதிலிருந்து சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அந்த இயக்கத்தைப் பற்றிப் பேசினால் பணிக்கர், ஆதிமூலம், வாசுதேவ், ஹரிதாசன் என்று ஆண்களின் பெயர்கள் வரிசையாக வரும். பெண்களைப் பற்றி யாராவது கேட்டால்தான் சொல்வார்கள்.

டி.கே. பத்மினி அங்கே படித்தவர். 1940-ல் கேரளத்தின் பொன்னானி அருகே பிறந்தவர். ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெண் ஓவியம் படிக்கச் சென்னைக்கு ரயில் ஏறுவதே அன்றைக்குச் செய்தி. அவர் வரைந்த பெண்கள் கறுத்தவர்கள், கனத்த உடலினர். தங்கள் ஆசையையும் தனிமையையும் மறைக்காதவர்கள். யாரோ பார்த்து மகிழ்வதற்காக அவர்கள் நிர்வாணமாக நிற்கவில்லை. தங்கள் உடலுக்குள் தாங்களே குடியிருப்பதுபோல நிற்கிறார்கள். பட்டம் விடும் சிறுமி ஒருத்தியையும் வரைந்தார். 1969 மே மாதம் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயதுகூட நிறையவில்லை. பத்து ஆண்டுகூட நிறையாத ஓவிய வாழ்க்கையில் இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச்சென்றிருக்கிறார். கொச்சி தர்பார் ஹால் ஓவியக்கூடத்தில் அவற்றில் பலவற்றை இன்றும் பார்க்கலாம். ஓவியர்களின் ஆயுளைப் பேறுகாலம் முடித்துவைத்ததையும் சேர்த்தே பெண்களின் கலை வரலாற்றை எழுத வேண்டும்.

அர்னவாஸ் வாசுதேவ், சோழமண்டலத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். பார்சி குடும்பத்தில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். 1988-ல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தார். அவர் கணவர் ஓவியர் எஸ்.ஜி. வாசுதேவ் பிறகு பெங்களூருவுக்கு வந்து, அர்னவாஸ் பெயரில் கலை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தார். படங்களைவிட உதவித்தொகை வழியாகவே அவர் பெயரை இளைஞர்கள் அறிகிறார்கள் என்பது வருத்தம். அப்படியாவது பெயர் நிற்கிறதே என்பது ஆறுதல்.

மூன்றாமவர் ஒய்.ஜி. ஸ்ரீமதி. 1926-ல் மைசூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். வாய்ப்பாட்டு, வீணை, பரதம், ஓவியம் நான்கும் கற்றவர். காந்தியின் கூட்டங்களில் பாடியவர். அஜந்தா சுவரோவியங்களின் கோட்டை நீர்வண்ணத்தில் பிடித்து, நாட்டுப்புறப் பெண்களையும் தெய்வங்களையும் வரைந்தார். 1960-களில் நியூயார்க் போனார். எண்ணெய் வண்ணமும் அரூபமும் கோலோச்சிய காலத்தில் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. 2007-ல் மறைந்தார். அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சி வைத்தது. மைசூரில் பிறந்து சென்னையில் வளர்ந்த ஓவியரைப் பற்றி நியூயார்க் நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

தானே மாடல், தானே கலைஞர்

1956-ல் பெங்களூருவில் பிறந்த என். புஷ்பமாலா சிற்பியாகத் தொடங்கியவர். 1990-களில் உளியை வைத்துவிட்டுத் தன் உடலையே எடுத்துக்கொண்டார். பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய வரிசையின் பெயர் 'தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்: பழக்கவழக்கங்கள்'. வெள்ளைக்காரர்கள் தொகுத்த மானுடவியல் ஆல்பங்களின் தலைப்பை எடுத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது அந்தப் பெயர்.

நாமெல்லாம் பார்த்துப் பழகிய படங்களை எடுத்துக்கொண்டு அவற்றில் இருக்கும் பெண்ணின் இடத்தில் தானே போய் நிற்கிறார் புஷ்பமாலா. ரவி வர்மாவின் நிலவொளிப் பெண் அவரே. அச்சகத்து லட்சுமியும் அவரே. வேளாங்கண்ணி மாதா, பீஜப்பூர் சிற்றோவியத்து யோகினி, 1970-களின் தமிழ்ப்படக் காட்சியில் சாட்டையோடு நிற்கும் ஜெயலலிதா என்று எல்லா வேடமும் அவருடையது. செய்தித்தாள் படத்தில் போலீஸ் பிடித்து நிறுத்திய பெண்ணாகவும், மானுடவியலாளர் அளவெடுக்க நிறுத்திய தோடர் பெண்ணாகவும் நிற்கிறார். பின்னணித் திரை, நகை, ஒப்பனை, கைவைத்த நிலை எல்லாம் மூலத்தைப் போலவே அச்சு அசலாக இருக்கும்.

படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் உறைக்கும். கும்பிடுகிற லட்சுமியையும் அளவெடுத்த பழங்குடிப் பெண்ணையும் நிறுத்திய விதம் ஒன்றுதான். இருவரையும் ஆட்டிவைத்தது யாரோ ஒருவரின் கண். அந்தக் கண்ணின் இடத்தையும் நிற்கும் பெண்ணின் இடத்தையும் ஒரே ஆள் எடுத்துக்கொள்ளும்போது பழைய ஏற்பாடு குலைந்துவிடுகிறது. இது புகைப்படம், ஆனாலும் உருவ ஓவியத்தின் நூறாண்டுக் கணக்கை இவ்வளவு கறாராகத் தீர்த்த வேறு படைப்பு தெற்கே இல்லை என்பது என் கருத்து.

உருவத்தை விட்டு வெளியேறியவர்

புஷ்பமாலா உருவத்துக்குள் புகுந்தார் என்றால் ஷீலா கௌடா அதிலிருந்து வெளியேறினார். 1957-ல் சிவமொக்கா மாவட்டம் பத்ராவதியில் பிறந்தவர். ஆர்.எம். ஹடபத் நடத்திய பெங்களூரு கென் கலைப்பள்ளியிலும் சாந்திநிகேதனிலும் பயின்றுவிட்டு, 1986-ல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஊர் திரும்பியபோது அவர் எண்ணெய் வண்ணத்தில் மனித உருவங்களை வரையும் ஓவியர்.

1992-93 பம்பாய்க் கலவரம் அவரை மாற்றியது. கண்முன் நடந்த வன்முறைக்கு வெளிநாட்டு வண்ணக்குழாய் போதாது என்று தோன்றியதோ என்னவோ, பசுஞ்சாணத்தைக் கையில் எடுத்தார். வாசல் தெளிப்பதற்கும் சுவர் மெழுகுவதற்கும் வறட்டி தட்டுவதற்கும் நம் பெண்கள் தினம் தொடும் பொருள் அது. அரசியலில் பசுவின் பெயரால் நடப்பதும் நமக்குத் தெரியும். அதையே அவர் வண்ணமாகவும் சுவராகவும் உருண்டையாகவும் ஆக்கினார். உருவம் மறைந்தது, பொருளே பேச ஆரம்பித்தது.

பிறகு வந்தது 'அவனிடம் என் வலியைச் சொல்'. ஊசியின் காதில் நூல் கோத்து நீள நீளமாக இழுத்து, அவற்றை ஒன்றுசேர்த்து, குங்குமமும் பசையும் பூசிச் சிவப்புக் கயிறுகளாக்கினார். அந்தக் கயிறுகள் கூடத்தின் சுவரிலும் தரையிலும் நெளிந்து ஓடுகின்றன. தூரத்தில் பார்த்தால் காற்றில் போட்ட அரூபக் கோட்டோவியம். கிட்டே போனால் முனையில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் ஊசிகள் தெரியும். சத்தமில்லாமல் குனிந்து தைத்த எத்தனையோ பெண்களின் வேலைநேரம் அந்தச் சிவப்புக்குள் இருக்கிறது.

2009 வெனிஸ் பினாலேவில் அவர் வைத்தது 'இதோ பார்'. பெங்களூரு தெருவில் வண்டிகளின் பம்பரில் முடிக்கயிறு கட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணேறு கழிக்கவும் விபத்து வராமல் காக்கவும் ஓட்டுநர்கள் கட்டுவது. கோயிலில் வேண்டிக்கொண்டு மொட்டையடித்த முடியில் நீளமானது விக் செய்ய ஏற்றுமதியாகிறது. குட்டையானது இப்படிக் கயிறாகிறது. அந்தக் கயிற்றைச் சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்குச் சேர்த்து, அதில் இருபது இரும்பு பம்பர்களைத் தொங்கவிட்டார் ஷீலா கௌடா. ஒற்றை மயிர் ஒரு விரல் இழுப்புக்குத் தாங்காது. கயிறாகத் திரிந்தால் இரும்பைத் தூக்குகிறது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்களின் வேண்டுதல் அங்கே எடை தாங்கி நின்றது. இன்று அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 2019-ல் மரியா லாஸ்னிக் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அரூபக் கலை அறிவுஜீவிகளின் விளையாட்டு, மக்களோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கயிற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும்.

காட்டுக்குள் ஒரு கறுப்பின மரபு

கர்நாடகத்தில் கறுப்பினக் கலைஞர்கள் உண்டா என்று கேட்டால், உண்டு. எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா வட்டாரங்களின் காடுகளில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வம்சத்தார். அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கோவாவில் போர்த்துக்கீசியர்களிடமிருந்து தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஓடிவந்தவர்களும் அவர்களின் முன்னோர்களில் உண்டு. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். 2003-ல்தான் கர்நாடகச் சித்திகளுக்குப் பழங்குடி அந்தஸ்து கிடைத்தது.

தக்காணத்து ஓவியத்துக்கு ஆப்பிரிக்க முகம் புதிதல்ல. எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அகமதுநகர் அரசையே நடத்திய மாலிக் அம்பரின் உருவப்படம் இருக்கிறது. பீஜப்பூர் அமைச்சர் இக்லாஸ் கானை 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் சுல்தானோடு யானைமேல் வரைந்திருக்கிறார்கள். அதிகாரம் கையில் இருந்தவரை கறுப்பு முகம் படத்தில் கம்பீரமாக இருந்தது. அதிகாரம் போனதும் படத்திலிருந்தும் போய்விட்டது. 1980-களின் பிற்பகுதியில் இந்திய விளையாட்டு ஆணையம் தடகள வீரர்களைத் தேடிச் சித்திகளிடம் வந்தது. கால்களைத் தேடி வந்தவர்கள் கைகளைப் பார்க்கவில்லை.

அந்தக் கைகள் செய்வது 'கவந்த்' என்னும் ஒட்டுத்துணிப் போர்வை. அடியில் ஒரு பழைய சேலை. அதன்மேல், கிழிந்த சட்டை, பாவாடை, லுங்கி எல்லாவற்றையும் வெட்டித் துண்டு துண்டாக வைத்துத் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவது அவர்கள் முறை. முன்கூட்டி வரைபடம் கிடையாது. இருக்கிற துணியும் அன்றைக்குத் தோன்றுகிற நிறமும்தான் தீர்மானிக்கும். கோடுகோடாக ஓடும் தையலே போர்வை முழுவதையும் கட்டி நிறுத்துகிறது. மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து 'பூ' வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. பூ இல்லாத கவந்தை அம்மணம் என்பார்கள். சில போர்வைகளில் பிறை இருக்கும், சிலவற்றில் சிலுவை. தைத்தவர் எந்தச் சமயத்தவர் என்பதும் அதில் தெரியும்.

சிவப்புக்குப் பக்கத்தில் எந்த அளவு மஞ்சள், நீலக் கட்டத்தை எங்கே உடைப்பது, கண்ணை எங்கே நிறுத்துவது என்ற இந்த முடிவுகளைக் கேன்வாஸில் எடுத்தால் அரூப ஓவியர் என்கிறோம். பாட்டி பேரனுக்காகப் போர்வையில் எடுத்தால் கிழிந்த துணியைத் தைக்கிறாள் என்கிறோம்.

அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ஜான் ட்ரூவல் இந்தப் போர்வைகளை ஆராய்ந்தார். அவர் உதவியோடு 2004-ல் சித்திப் பெண்களின் கூட்டுறவு ஒன்று உருவானது. 2011-ல் நியூயார்க் ஹார்லெமின் ஷோம்பர்க் மையத்தில், கறுப்பின வரலாற்றைப் பாதுகாக்கும் அந்த இடத்தில், கவந்த்கள் சுவரேறின. அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரில் அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002-ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது, அவை அமெரிக்க நவீன ஓவியத்துக்கு நிகரானவை என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாக்கியது. ஒரே கண்டத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்டு, ஒருவரையொருவர் அறியாமல் இரு நாடுகளில் வாழ்ந்த பெண்கள் பழந்துணியில் ஒரே வகையான துணிச்சலைக் கண்டடைந்திருக்கிறார்கள்.

'கைவேலை' என்ற பூட்டு

போர்வைக்கும் ஓவியத்துக்கும் நடுவே இருந்த கோட்டைத் தெரிந்தே அழித்தவர் ஃபெய்த் ரிங்கோல்ட். நியூயார்க் ஹார்லெமில் பிறந்த கறுப்பின ஓவியர். அவருடைய முன்னோர்களில் அடிமையாக இருந்து போர்வை தைத்த பெண் உண்டு. 1980-களில் அம்மாவோடு சேர்ந்து போர்வையில் ஓவியம் செய்யத் தொடங்கினார். அவர் 1967-ல் வரைந்த, இனக்கலவரத்தைக் காட்டும் மாபெரும் ஓவியத்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016-ல் வாங்கி, பின்னர் பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியத்துக்குப் பக்கத்தில் மாட்டியது. தாமதமாகவே இடம் கிடைத்த இன்னொருவர் ஆல்மா தாமஸ். வாஷிங்டனில் 35 ஆண்டுகள் பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற்ற பிறகே முழுநேர அரூப ஓவியர் ஆனார். 1972-ல், எண்பது வயதில், விட்னியில் தனிக் கண்காட்சி வைத்த முதல் கறுப்பினப் பெண் அவர். ஸ்வீடனின் ஹில்மா அஃப் கிளிண்ட் 1906-லேயே, அரூப ஓவியத்தின் முன்னோடி எனப்படும் காண்டின்ஸ்கிக்கு முன்பே, அரூப ஓவியம் தீட்டியவர். 2018-19-ல் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்களைப் பார்க்க 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

நம் பக்கத்தில் 'கைவேலை' என்ற இந்தப் பூட்டு இன்னும் திறக்கவில்லை. சிவமொக்காவின் சாகர, சொரப வட்டாரங்களில் தீவரு சமூகத்துப் பெண்கள் செம்மண் பூசிய சுவரில் 'சித்தார' வரைகிறார்கள். புளிச்சை நாரைத் தட்டித் தூரிகை. ஊறவைத்து அரைத்த அரிசியில் வெள்ளை, வறுத்த அரிசியில் கறுப்பு, விதையில் எடுத்த மஞ்சள். கல்யாண வீட்டுச் சுவரில் அவர்கள் போடும் கோடுகளின் கணக்கு பார்ப்பவரை மலைக்கவைக்கும். நம் வாசல் கோலத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புள்ளிக்கும் வளைகோட்டுக்கும் உள்ள உறவைத் தினம் விடியற்காலையில் புதிதாகத் தீர்க்கும் பெண்கள் கோடிக்கணக்கில் இருக்கும் நாடு இது. சென்னை இயக்கத்தின் ஆண் ஓவியர்கள் நாட்டுப்புறக் குறிகளையும் தாந்திரீக வடிவங்களையும் எழுத்துகளையும் கேன்வாஸுக்குக் கொண்டுவந்தபோது அது நவீனம் எனப்பட்டது. அந்த வடிவங்களைக் காலங்காலமாகப் போட்டு வைத்திருந்த பெண்களின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

சாதியும் இங்கேதான் வருகிறது. மண், சாணம், கந்தல் துணி, மயிர், தோல் ஆகியவற்றைத் தொட்டு உழைத்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அதே பொருள்கள் கலைக்கூடத்துக்குள் வந்ததும் மதிப்பு ஏறுகிறது. தொட்டு உழைத்த சமூகத்திலிருந்து ஓவியர் வந்தால் கதவு மெதுவாகத்தான் திறக்கிறது. அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972-ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் உருவானபோது இரண்டு வலிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. நாக்பூரில் பிறந்த சவி சாவர்க்கர், கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டவைக்கப்பட்ட மனிதனையும் தேவதாசிப் பெண்களையும் தன் ஓவியங்களின் நடுவே நிறுத்தினார். சென்னையில் 2018 முதல் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் 'வானம்' கலைத் திருவிழா, தலித் கலைஞர்களுக்கு ஒரு பொது மேடையைக் கொடுத்திருக்கிறது. பெங்களூருவின் பெரிய கலைக்கூடங்கள் இந்தத் திசையில் போக வேண்டிய தூரம் அதிகம்.

சுவர் யாருக்கு?

பெங்களூரு இதைச் செய்ய முடியாத ஊர் அல்ல. அரண்மனை சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீன கலைக்கூடம் இயங்குகிறது. குமாரகிருபா சாலையில் 1960-ல் தொடங்கிய சித்ரகலா பரிஷத் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் அந்தச் சாலையையே கண்காட்சியாக்கும் சித்ர சந்தை நடக்கிறது. கஸ்தூர்பா சாலையில் வெங்கடப்பா ஓவியக்கூடமும் மேப்பும் இருக்கின்றன. பணம் இருக்கிறது, பார்வையாளர்களும் இருக்கிறார்கள். வேண்டியது கொள்கை முடிவு.

அமெரிக்காவின் பால்டிமோர் அருங்காட்சியகம் 2018-ல் வார்ஹோல் உள்ளிட்ட ஆண் ஓவியர்களின் ஏழு படைப்புகளை விற்க முடிவுசெய்து, அந்தப் பணத்தைப் பெண்களின், கறுப்பினத்தவரின் படைப்புகளை வாங்க ஒதுக்கியது. 2020 முழுவதும் பெண்களின் படைப்புகளை மட்டுமே வாங்குவதென்று அறிவித்தது. நாம் எதையும் விற்க வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து அரண்மனை சாலைவரை, மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஒவ்வொரு கலைக்கூடமும் மூன்று காரியங்களைச் செய்தால் போதும். தன் சேகரிப்பில் பெண்களின் படைப்புகள் எத்தனை என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கவந்தையும் சித்தாரவையும் பழங்குடிப் பொருள் என்று தனி அறையில் அடைக்காமல், நவீன ஓவியத்தின் சுவரிலேயே மாட்ட வேண்டும். அப்படி மாட்டும்போது சமூகத்தின் பெயரோடு நிறுத்தாமல், செய்த பெண்ணின் பெயரையும் பெயர்ப்பலகையில் போட வேண்டும். ரவி வர்மாவின் பெயரைப் போடும் பலகையில் ஒரு சித்திப் பெண்ணின் பெயருக்கும் இடம் உண்டு.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை பெங்களூரு போகும்போது ஷாப்பிங் மாலுக்கு ஒதுக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்தை ஒரு கலைக்கூடத்துக்குக் கொடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். படத்தைப் பார்த்த பிறகு பெயர்ப்பலகையைப் படியுங்கள். பெண்களின் பெயர் குறைவாக இருந்தால், வாசலில் வைத்திருக்கும் பார்வையாளர் குறிப்பேட்டில் அதை எழுதிவிட்டு வாருங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் சுவர் மாறும். உலகத்தில் மாறிய எல்லாச் சுவர்களும் கேட்டதால்தான் மாறியிருக்கின்றன.